நகரத்தின் அடியில் ரயில் சுரங்கம் அமைக்கும் முறை

திருகோணமலைக்கு நிலக்கீழ் ரயில் வரப்போவதில்லை; கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் இந்நகருக்கு அது தேவையுமில்லை. இருந்தும், இங்கிருந்து நில அளவையாளராகவும் தளப் பொறியியலாளராகவும் பாதுகாப்பு அலுவலராகவும் வெளிநாடு செல்லும் இளைஞர்களுள் சிலருக்கு, சிங்கப்பூரிலோ வளைகுடா நாடொன்றிலோ, ஒரு மெட்ரோச் சுரங்கத்தின் வாயிலில்தான் முதல் வேலை அமைகிறது. அத்திவாரமும் தூணும் வளையும் கற்றுச் சென்றவருக்கு, வீதிக்கு 20 மீற்றர் கீழே நடக்கும் வேலை முற்றிலும் புதிதாகத் தோன்றும். அவர்களை மனத்திற்கொண்டு, வேலை நடைபெறும் ஒழுங்கிலேயே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. மண்ணைத் தோண்டி எடுப்பது இத்தொழிலின் சிறு பகுதியே. தோண்டிய வெளியைச் சுற்றியுள்ள மண்ணும் நீரும் இருந்த இடத்தைவிட்டு அசையாதபடி பார்த்துக்கொள்வதில்தான் பணத்தின் பெரும்பங்கும் பொறியியலாளரின் கவனம் முழுவதும் செலவாகின்றன.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் மணலில் கிணறு இறக்குவதைப் பார்த்தவருக்கு இதைப் புரியவைப்பது எளிது. கொங்கிறீற்று வளையம் ஒன்றை மணலில் வைத்து, ஓர் ஆள் அதனுள்ளே நின்று தோண்டத் தோண்ட வளையம் தன் பாரத்தால் இறங்குகிறது. அதன்மேல் அடுத்த வளையத்தை ஏற்றுகிறார்கள். நீர்மட்டம் வரும்வரை தொல்லையில்லை. நீர் கண்டபின், உள்ளே காய்ந்திருக்கவேண்டும் என்று பம்பியைப் போட்டு வேகமாக இறைத்தால், வெளியிலிருக்கும் நீர் வளையத்தின் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பாய்ந்து மணலையும் இழுத்து வருகிறது. அள்ள அள்ள அடியிலிருந்து மணல் பொங்கிக்கொண்டே இருக்கும், வளையமோ இறங்காது, சற்று நேரத்தில் பக்கத்து மதிலில் வெடிப்பு விழும். கை தேர்ந்த கிணறு வெட்டுபவர் நீரை முற்றாக இறைப்பதில்லை. உள்ளும் புறமும் நீர்மட்டத்தை ஏறக்குறைய ஒன்றாக விட்டு, நீருக்குள்ளேயே மணலை அள்ளுவார். பல நூறு தொன் எடையுள்ள துளைப்பு இயந்திரம் செய்வதும் இதே வேலைதான். கிணறு நிமிர்ந்து இறங்குகிறது, சுரங்கம் படுத்துச் செல்கிறது.

நிலத்தை அறிதல்

பாதையைக் கோடு கீறுமுன் நிலத்தைத் துளைத்துப் பார்க்கவேண்டும். துளைகளுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பது நிலத்தின் குணத்தைப் பொறுத்தது. மண்ணும் பாறையும் கலந்து வரும் நகரங்களில் 50 மீற்றருக்கு ஒன்று என்பதும் போதாமற்போகலாம். ஒவ்வொரு துளையும் சுரங்கத்தின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது ஒரு விட்டமளவாவது இறங்கவேண்டும். எடுத்த மாதிரிகளில் துணிக்கைகளின் பருமனையும் பாறையின் வலிமையையும் சோதிப்பதோடு, துளையில் நீரழுத்தமானி பதித்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியும்வரை நீர்மட்டத்தைக் குறித்து வருவது நல்லது. மார்கழியில் வீட்டுக் கிணற்றின் வாயருகே நிற்கும் நீர் ஆவணியில் எங்கே போகிறது என்பதை அறிந்த நம்மூரவருக்கு, ஒரே நாளில் எடுத்த ஒரு நீர்மட்ட அளவை நம்பித் திட்டமிடக்கூடாது என்பதை விளக்கவேண்டியதில்லை.

துளைப்பதில் இரண்டு ஒழுங்குகள் உண்டு. ஒன்று, சுரங்கம் செல்லும் கோட்டின் நேர்மேலே துளையிடாமல் சற்று விலகித் துளையிடுவது. மற்றது, வேலை முடிந்ததும் துளையைச் சீமெந்துக் கலவையால் அடிமுதல் வாய்வரை அடைத்துவிடுவது. அடைக்காத துளையின் அருகே இயந்திரம் வரும்போது, அதன் முகப்பில், அதாவது மண்ணை வெட்டும் முன்பக்கத்தில், அடக்கி வைத்த அழுத்தம் அத்துளை வழியே மேலேறி, நுரையும் சேறுமாக வீதியில் கொப்பளிக்கும். கைவிடப்பட்ட கிணறுகளாலும் குழாய்க்கிணறுகளாலும் இதே ஆபத்து நேரும். எனவே பாதையின் இருபுறமும் உள்ள வீடுகளுக்கு ஆளனுப்பி, மூடிய கிணறு எங்கே இருந்தது என்று முதியவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்கவேண்டும். அலுவலகக் கோப்புகளில் இத்தகவல் கிடைக்காது.

இரண்டு துளைகளுக்கு இடையிலுள்ள நிலம் அவ்விரண்டின் சராசரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. கன்னியாவில் அருகருகே அமைந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒன்றுபோல இருப்பதில்லை. நிலத்தடி நீர் ஒரு சில அடி இடைவெளிக்குள்ளேயே வேறு வழி பிடித்து வரக்கூடியது. 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் கொல்கத்தாவின் பௌபஜார் பகுதியில் மெட்ரோச் சுரங்கம் துளைத்த இயந்திரம் ஒரு நீர்த்தாங்கு படையைத் தொட்டதும், நீரும் வண்டலும் உள்ளே பாய்ந்து, மேலிருந்த பழைய வீடுகள் பல வெடித்தும் இடிந்தும் போயின. நம் நாட்டில் உமா ஓயாத் திட்டத்துக்கான நீர்ச்சுரங்கம் பண்டாரவளைப் பகுதியில் துளைக்கப்பட்டபோது பாறைப் பிளவுகளூடாக நீர் பெருமளவில் சுரங்கத்துக்குள் வடிந்தது; மேலேயிருந்த கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. முன்னது களிமண்ணும் மணலும் நிறைந்த நிலம், பின்னது மலைப்பாறை. இரண்டிலும் சேதத்தைக் கொண்டுவந்தது நீரே.

பாதையும் ஆழமும்

சுரங்கத்தின் கூரைக்கு மேலே குறைந்தது ஒரு விட்டமளவு மண் இருக்கவேண்டும் என்பது பழைய விதி, அதாவது 6.6 மீற்றர் விட்டமுள்ள துளைக்கு மேலே அதேயளவு மண்ணாவது வேண்டும். இரட்டைச் சுரங்கங்களுக்கு இடையிலும் அவ்வளவு இடைவெளி விடுவது நல்லது. நகரம் எப்போதும் இடம் தருவதில்லை. இலண்டனில் குறொஸ்றெயில் திட்டத்தின் இயந்திரம் ஒன்று, ரொற்றன்ஹாம் கோர்ட் றோட் நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த பழைய ரயில் சுரங்கத்தின் மேலாகவும் நகரும் படிக்கட்டின் கீழாகவும் ஒரு மீற்றருக்கும் குறைந்த இடைவெளியில் நுழைந்து சென்றது. அத்தகைய துணிவுக்கு முன்னே பல வருட அளவீடும் கணிப்பும் இருந்தன.

நிலையங்களைச் சற்று மேட்டிலும் இடைப்பகுதியைத் தாழ்விலும் அமைத்தால், நிலையத்தை நெருங்கும் ரயில் ஏற்றத்தில் தானாக வேகம் குறையும், புறப்படும் ரயில் இறக்கத்தில் எளிதாக வேகம் பிடிக்கும். 1900 இல் திறக்கப்பட்ட இலண்டன் மத்திய ரயில்பாதையிலேயே இதைச் செய்துவிட்டார்கள். தாழ்ந்த இடத்தில் கசிவுநீர் சேரும் என்பதால் அங்கே ஒரு நீர்க்குழியும் பம்பியும் வைக்கவேண்டும்.

முறையைத் தெரிதல்

ஆழம் குறைவாகவும் மேலே அகன்ற வீதியும் இருந்தால், வீதியைப் பிளந்து பள்ளம் வெட்டி, பெட்டிபோலக் கட்டி, மேலே மூடிவிடுவது இன்றும் நடைமுறையில் உள்ளது. 1863 ஜனவரியில் இலண்டனில் திறக்கப்பட்ட உலகின் முதல் நிலக்கீழ் ரயில்பாதை இவ்வாறுதான் அமைந்தது. அதில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். இன்று நிலையங்களுக்கு இம்முறையும், நிலையங்களுக்கு இடையே இயந்திரத் துளைப்பும் என்பது பெரும்பாலான நகரங்களின் ஏற்பாடு.

சுற்றியுள்ள மண்ணைத் தாங்கும் கவசத்தினுள் நின்று துளைக்கும் யோசனைக்கு வழிகாட்டியது, மரக்கலங்களை அரிக்கும் கப்பற்புழு என்பார்கள். மரத்தை அரித்து முன்னேறும்போதே தன் பின்னால் துளையின் சுவருக்குச் சுண்ணப் பூச்சிடும் அப்புழுவின் வழியைப் பொறியியலாளர் மார்க் புரூனல் இயந்திரமாக்கி 1818 இல் காப்புரிமை பெற்றார். துறைமுகத்தில் பழைய வள்ளங்களின் அடிப்பலகையைப் புரட்டிப் பார்த்தவர்கள் அதன் துளைகளைக் கண்டிருப்பார்கள். தேம்ஸ் ஆற்றின் கீழ் 1825 இல் தொடங்கிய அவருடைய சுரங்கம் 1843 இல்தான் திறக்கப்பட்டது. இடையில் ஆறு உள்ளே பாய்ந்து ஆட்களைக் கொன்றதும், பணமின்றி வேலை பல வருடங்கள் நின்றதும் அக்கதையின் பகுதிகள். ஆறு உள்ளே பாய்ந்ததற்கு, கூரைக்கும் ஆற்றுப் படுகைக்கும் இடையே மண் மிகக் குறைவாக இருந்ததே காரணம்.

இன்றைய இயந்திரங்களில் இரண்டு வகைகளை அறிந்தால் நகர வேலைக்குப் பெரும்பாலும் போதும். களிமண், வண்டல்போன்ற நுண்மண்ணுக்கு, வெட்டிய மண்ணையே நுரை கலந்து பிசைந்து, முகப்பறையில் நிறைத்து, அதன் அழுத்தத்தால் எதிர்மண்ணைத் தாங்கும் வகை ஏற்றது. அறையிலிருந்து மண் ஒரு திருகுச் சுழலி வழியே வெளிவரும். சுழலியின் வேகத்தைக் குறைத்தால் அறையின் அழுத்தம் ஏறும், கூட்டினால் இறங்கும். பருமணலும் சரளையும் நீரும் மிகுந்த நிலத்துக்கு, பென்டோனைற் களிமண் குழம்பை அழுத்தத்துடன் முகப்பில் நிரப்பும் வகை பொருந்தும். அதற்கு மேலே குழம்பையும் மண்ணையும் பிரிக்கும் ஆலை ஒன்றுக்குப் பெரிய காணி தேவை. நகரின் நடுவில் அக்காணியைத் தேடுவதே தனி வேலை.

இரண்டுக்கும் பிடிக்காதது கலப்பு முகப்பு. ஒரு பயிற்சிக்காக, கோணேசர் மலையின் அடியிலிருந்து உப்புவெளிவரை ஒரு சுரங்கத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தொடக்கத்தில் முழுவதும் கடும்பாறை, முடிவில் முழுவதும் நீரூறிய மணல். நடுவிலே எங்கோ ஓரிடத்தில் வெட்டுச் சக்கரத்தின் கீழ்ப்பாதி பாறையிலும் மேற்பாதி மணலிலும் சுழலவேண்டிவரும். பாறை மெதுவாகவே வெட்டப்படும். சக்கரமோ சுழன்றுகொண்டே இருக்கும். அதற்குள் மேலேயிருக்கும் தளர்ந்த மணல் அளவுக்கு மிஞ்சி உள்ளே வந்துவிடும். சென்னையில் மணலும் களிமண்ணும் கடும்பாறையும் மாறிமாறி வந்து மெட்ரோ வேலையைச் சோதித்தன. 2015 இல் மேம்பாலப் பகுதி திறக்கப்பட்ட அங்கு, சுரங்கப் பகுதியின் முதல் துண்டு 2017 மே மாதத்தில்தான் பயணிகளுக்குக் கிடைத்தது. இத்தகைய இடத்தில் அழுத்தத்தைக் குறைக்காமல், முன்னேறும் வேகத்தை மட்டும் குறைத்து, வெளிவரும் மண்ணை ஓயாமல் நிறுத்துப் பார்த்துக்கொண்டே செல்வதுதான் வழி.

இறங்குகுழி

இயந்திரத்தைக் கீழே இறக்கவும் மண்ணை மேலேற்றவும் ஒரு பெருங்குழி வேண்டும். குழி வெட்டுமுன் அதன் நான்கு பக்கமும், பென்டோனைற் குழம்பு நிரப்பிய ஒடுங்கிய அகழியில் கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கொங்கிறீற்று இட்டு, சுமார் ஒரு மீற்றர் தடிப்புள்ள நிலத்தடிச் சுவர் எழுப்புவார்கள். தளத்தில் இதை டீ-வோல் என்பார்கள். சுவரின் துண்டுகள் சந்திக்கும் பொருத்துகளே பலவீனமான இடம். 2009 மார்ச் 3 ஆம் திகதி ஜேர்மனியின் கொலோன் நகரில் மெட்ரோக் குழியொன்றின் சுவரிலிருந்த குறையூடாக மண்ணும் நீரும் பாய, அருகிலிருந்த நகர ஆவணக் காப்பகம் முழுவதும் சரிந்தது, இருவர் இறந்தனர். பொருத்திலிருந்து தெளிந்த நீர் கசிந்தால் குறித்துவைத்துக் கவனிக்கலாம். கலங்கிய நீர் வந்தால் அந்த நிமிடமே ஆட்களை மேலேற்றவேண்டும், ஏனெனில் கலங்கலாக வருவது சுவருக்குப் பின்னாலிருந்த மண்.

குழிச் சுவரைத் துளைத்து இயந்திரம் மண்ணுக்குள் நுழையும் தருணமும், மறுமுனைக் குழிக்குள் வெளிவரும் தருணமும் மிக ஆபத்தானவை. அவ்விடங்களில் முகப்பழுத்தத்தை முழுமையாக ஏற்ற முடியாது. ஆகவே சுவருக்கு வெளியே சில மீற்றர் தூரத்துக்கு மண்ணைச் சீமெந்து செலுத்தி இறுக்கவேண்டும். வாயிலில் இறப்பர் வளையம் பொருத்தவேண்டும். சுவரை உடைக்குமுன் சிறு துளைகளிட்டு நீர் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் மறுபடியும் சீமெந்து செலுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. விழாவுக்கு அமைச்சர் வரும் திகதி குறித்தாயிற்று என்பது இங்கே காரணமாகாது.

முகப்பழுத்தம்

இனி வருவதைக் கணக்குடன் பார்ப்போம். சுரங்கத்தின் மையம் 20 மீற்றர் ஆழத்திலும், நீர்மட்டம் நிலத்துக்கு 2 மீற்றர் கீழேயும், துளையின் விட்டம் 6.6 மீற்றராகவும் இருக்கட்டும். 10 மீற்றர் நீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பதால், மையத்தில் நீரழுத்தம் 1.8 பார். கூரையில் 1.5 பாருக்குச் சற்றுக் குறைவு, அடியில் 2.1 பார். இது நீர் மட்டுமே. அதற்குமேல் மண்ணின் தள்ளுவிசையையும், பாதுகாப்புக்காக ஏறத்தாழ 0.2 பாரையும் சேர்த்து முகப்பழுத்தத்தைத் தீர்மானிக்கிறார்கள். மேல் எல்லையும் உண்டு. கூரைக்கு மேலேயுள்ள 16.7 மீற்றர் மண், கனமீற்றருக்கு 2 தொன் வீதம், ஏறத்தாழ 3.3 பார் பாரத்தைத் தருகிறது. முகப்பழுத்தம் அதை நெருங்கினால் நிலம் மேலே தூக்கப்பட்டு வீதி பிளக்கும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதையில்தான் இயந்திரத்தை ஓட்டுபவர் இரவும் பகலும் செல்கிறார். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் நீர்மட்டத்துக்கும் ஏற்ப, ஒவ்வொரு வளையத்துக்கும் இக்கணக்கு மாறும். வீதியில் ஒரு வாய்க்கால் குறுக்கிட்டால்கூட மேலேயுள்ள மண்ணின் பாரம் குறைந்துவிடும்.

அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டினாலும், மண் மிகையாக வருகிறதா என்பதைத் தனியாகச் சரிபார்க்கவேண்டும். இந்த விட்டத்தில் முகப்பின் பரப்பு 34.2 சதுர மீற்றர். ஒன்றரை மீற்றர் அகல வளையத்துக்கு வெட்டப்படவேண்டியது ஏறத்தாழ 51 கனமீற்றர், அதாவது சுமார் 103 தொன். செலுத்திய நுரைநீரின் எடையைக் கழித்தபின்பும், மண்ணை வெளியே கொண்டுசெல்லும் பட்டியிலுள்ள தராசு 113 தொன் காட்டினால், முகப்புக்கு மேலே எங்கோ 5 கனமீற்றர் வெற்றிடம் உருவாகியிருக்கலாம். அது அன்றே வீதிக்கு வராமல், மெதுவாக மேலேறி, இயந்திரம் நூறு மீற்றர் கடந்தபின் ஒரு கடையின் முன்னே குழியாகத் திறக்கும். ஆகவே ஒரு வளையத்தின் எடை மிஞ்சினால் நிறுத்தி, அந்த இடத்தில் மேலிருந்து துளையிட்டுப் பார்த்து, வெற்றிடத்தை நிரப்பிய பிறகே நகரவேண்டும்.

வெட்டுச் சக்கரத்தின் பற்கள் தேயும்போது ஆட்கள் முகப்பறைக்குள் செல்ல நேரும். நிலம் தானாக நிற்காத இடத்தில், அறையிலிருந்த மண்ணை ஓரளவு வெளியேற்றி, அழுத்தக் காற்றை நிரப்பி, அதற்குள் வேலை செய்வார்கள். 1.8 பார் காற்றழுத்தத்தில் நிற்பது 18 மீற்றர் ஆழக் கடலில் மூழ்கியிருப்பதற்குச் சமம். சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கு இறங்கும் நம் கரையோரத்து இளைஞர்கள் அவசரமாக மேலேறியதால் கைகால் முடங்கிய கதைகளைக் கேள்விப்பட்டவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். உள்ளே நின்ற நேரத்துக்கேற்ப அழுத்தநீக்க அறையில் படிப்படியாக வெளியே வரவேண்டும். மருத்துவரின் ஒப்புதலின்றி எவரையும் உள்ளே அனுப்பக்கூடாது.

வளையமும் கிறவுட்டும்

இயந்திரத்தின் வாலுக்குள்ளேயே, முன்கூட்டி வார்த்த கொங்கிறீற்றுத் துண்டுகளை ஒன்றுசேர்த்து வளையம் கட்டப்படும். தளத்தில் அவற்றைச் செக்மென்ற் என்பார்கள். பொதுவாக ஐந்து துண்டுகளும் ஆப்புபோன்ற ஒரு சிறு துண்டும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. உட்புற விட்டம் 5.8 மீற்றரும் தடிப்பு 27.5 சென்டிமீற்றருமாக இருந்தால், வெளிவிட்டம் 6.35 மீற்றர். வளையம் முடிந்ததும் இயந்திரத்தின் நீரியல் தள்ளிகள் அதன் விளிம்பில் ஊன்றி, இயந்திரத்தை முன்னே தள்ளும்.

துண்டுகளின் ஓரத்தில் ஓடும் இறப்பர் பட்டிதான் நூறு வருடங்களுக்கு நீரைத் தடுக்கவேண்டியது. இதைப் பொருத்தும் வேலைக்குப் போகும் இளைஞர் கவனிக்கவேண்டியவை சிறியவை: பட்டியில் ஒட்டிய மண்ணைக் கழுவித் துடைத்தல், மூலைகளில் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல், ஆப்புத் துண்டைச் செருகுமுன் சவர்க்காரக் குழம்பு பூசுதல், போல்ற்றை முறுக்கியபின் அடுத்த தள்ளலின் பிறகு மறுபடியும் முறுக்குதல். பட்டியில் சிக்கிய ஒரு கல் பிற்காலத்தில் ஓயாத கசிவாகிறது.

இயந்திரம் கோட்டிலிருந்து விலகிவிட்டால் ஒரே வளையத்தில் திருப்ப முயலக்கூடாது. திடீரெனத் திருப்பினால் வளையம் இயந்திரத்தின் வாலில் உரசி உடையும், முன்பக்கம் வேண்டியதைவிட அதிக மண் வெட்டப்படும். பல வளையங்களில், சில மில்லிமீற்றர் வீதம், நீண்ட வளைவாகத் திரும்புவதே முறை. நில அளவையாளரின் அன்றாட வேலை இதில் அடங்கும்: குழிக்குள் இறக்கிய அளவைப் புள்ளிகளை அடிக்கடி மேலிருந்து மீண்டும் சரிபார்க்கவேண்டும், ஏனெனில் புள்ளி பதித்த வளையமே அசைந்திருக்கலாம்.

வெட்டிய துளை 6.6 மீற்றர், வளையம் 6.35 மீற்றர் என்பதால், சுற்றிலும் 12.5 சென்டிமீற்றர் வெளி எஞ்சுகிறது. பார்க்கச் சிறிதுதான், கணக்கிட்டால், ஒவ்வொரு மீற்றருக்கும் 2.5 கனமீற்றர், முகப்புப் பரப்பில் 7 சதவீதத்துக்கும் மேல். நல்ல வேலையில் நிலம் இழக்கும் கனவளவு ஒரு சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்றால், இந்த வெளியை மண் சரிந்து நிரப்புமுன் நாம் நிரப்பவேண்டும் என்பது தெளிவு. இயந்திரத்தின் வாலிலேயே அமைந்த குழாய்கள் வழியே, முன்னேறிக்கொண்டிருக்கும்போதே, கிறவுட்டை, அதாவது வெளியை நிரப்பி இறுகும் கலவையை, செலுத்துவார்கள். இரண்டு கூறுகளாகக் கொண்டுவந்து வாயில் கலக்கும் வகை, சில செக்கன்களிலேயே இறுகத் தொடங்குவதால் விரும்பப்படுகிறது. ஒன்றரை மீற்றர் வளையத்துக்கு ஏறத்தாழ 3.8 கனமீற்றர் செல்லவேண்டும். அதைவிடக் குறைவாக ஏற்றுக்கொண்டால் மண் ஏற்கெனவே சரிந்திருக்கலாம், மிக அதிகமாக ஏற்றுக்கொண்டால் கலவை வேறெங்கோ போகிறது. இரண்டுமே மேற்பார்வையாளருக்கு அறிவிக்கவேண்டிய செய்திகள். கிறவுட் பம்பி பழுதானால் இயந்திரமும் நிற்கவேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் திட்டங்களை நான் மதிக்கிறேன்.

மேலேயுள்ள கட்டடங்கள்

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் நிலம் சிறிது தாழும். தாழ்வின் வடிவம் சுரங்கத்தின் நேர்மேலே ஆழமாகவும் இருபுறமும் குறைந்துகொண்டும் செல்லும் ஒரு பள்ளம். 1969 இல் மண்பொறியியலாளர் ரால்ஃப் பெக் முன்வைத்த இவ்வடிவம் இன்றும் கணிப்பின் தொடக்கமாக இருக்கிறது. பள்ளத்தின் அகலக் கூறு, அதாவது மையத்திலிருந்து சரிவு மிக அதிகமாகும் இடம்வரையுள்ள தூரம், களிமண்ணில் ஆழத்தில் ஏறத்தாழப் பாதி, மணலில் 0.3 மடங்களவு. மேற்சொன்ன சுரங்கத்தில் ஒரு சதவீத இழப்பு என்றால் மீற்றருக்கு 0.34 கனமீற்றர். அதை அகலக் கூறின் இரண்டரை மடங்கால் வகுத்தால், களிமண்ணில் மையத்தாழ்வு சுமார் 14 மில்லிமீற்றர். மணலில் சுமார் 23 மில்லிமீற்றர். கட்டடத்தை வெடிக்கவைப்பது தாழ்வின் அளவைவிட அதன் சரிவே. களிமண்ணில் அச்சரிவு 1200 க்கு ஒன்று. மணலில் 430 க்கு ஒன்றளவு. 500 க்கு ஒன்றைத் தாண்டினால் சுவர்களைத் தனியாக ஆராயவேண்டும் என்பது பொதுவான வழக்கு. ஆகவே அதே இயந்திரம், அதே ஆழம், அதே திறமை என்றாலும், மணலில் ஒரு சதவீத இழப்பை அனுமதிக்க முடியாது. அரைச் சதவீதத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

வேலை தொடங்குமுன் பாதையோரத்து ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை உரிமையாளர் முன்னிலையில் படமெடுத்து, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ள வேலை. இதைக் காப்புறுதிக்காரரின் சடங்காக எண்ணுபவர்கள் உண்டு. பிற்காலத்தில் நியாயமான இழப்பீடு கிடைப்பதும் பொய்யான கோரிக்கை விலகுவதும் இந்தப் படங்களால்தான். கோவில் கோபுரம், பள்ளிவாசல் மினார்போன்ற உயர்ந்த, பாரம் குவிந்த கட்டடங்களைத் தனியாகக் கணிக்கவேண்டும். இலண்டனில் ஜூபிலி ரயில்பாதையின் நீட்சிக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் நிலையக் குழி வெட்டப்பட்டபோது, பிக் பென் கோபுரத்தின் அடியிலுள்ள களிமண்ணுக்குள் சிறிது சிறிதாகக் கிறவுட் செலுத்தி அதன் சாய்வைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

அளவீடு

கட்டடங்களில் அளவைக் கருவியால் குறிவைக்கும் கண்ணாடிப் பட்டகங்கள், நிலத்தில் தாழ்வுப் புள்ளிகள், சுவர்களில் சாய்வுமானிகள், குழிச் சுவர்களைத் தாங்கக் குறுக்கே ஊன்றிய முட்டுகளில் விசைமானிகள், மண்ணில் நீரழுத்தமானிகள் என ஆயிரக்கணக்கில் கருவிகள் பதிக்கப்படும். கருவி பதிப்பது எளிது. எண் எல்லையைத் தாண்டும்போது என்ன செய்வது, யார் நிறுத்துவது என்பதை முன்பே எழுதிவைப்பதில்தான் பல திட்டங்கள் தவறுகின்றன. 2004 ஏப்பிரல் 20 ஆம் திகதி சிங்கப்பூரில் நிக்கொல் நெடுஞ்சாலையருகே, மென்களிமண்ணில் 30 மீற்றருக்கும் மேல் ஆழமாக வெட்டப்பட்டுக்கொண்டிருந்த மெட்ரோக் குழி சரிந்து நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு போனது, நால்வர் இறந்தனர். மண்ணின் வலிமையை மிகையாகக் காட்டிய கணிப்பு முறையும், எஃகு முட்டுகளும் சுவரோரமாக ஓடும் தாங்குவளையும் சேரும் இடத்தின் பலவீனமான வடிவமைப்பும் காரணங்களாக விசாரணையில் வெளிவந்தன. சுவர் கணித்ததைவிட அதிகமாக வளைந்திருந்ததைக் கருவிகள் முன்னரே காட்டியிருந்தன. ஒவ்வொரு முறையும் மறுகணிப்புச் செய்து எல்லையை உயர்த்திக்கொண்டே போனார்கள். எச்சரிக்கை எல்லை மீறப்பட்டபின் அவ்வெல்லையை மாற்றும் அதிகாரம், வேலையை முடிக்கும் அவசரத்திலிருப்பவரின் கையில் இருக்கக்கூடாது. வடிவமைப்போடு தொடர்பற்ற ஒருவர் அதைச் சரிபார்க்கவேண்டும்.

அளவீட்டுப் பிரிவில் சேரும் இளைஞர் அன்றைய எண்ணோடு நின்றுவிடாமல், கடந்த இரண்டு வாரக் கோட்டையும் வரைந்து பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் நாளுக்கு நாள் வேகம் கூடும் கோடு, எல்லையைத் தாண்டி ஓய்ந்துவிட்ட கோட்டைவிட ஆபத்தானது.

குறுக்குவழிகள்

இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் குறுக்குவழிகள், ஒரு சுரங்கத்தில் தீ எழுந்தால் பயணிகள் மற்றதற்குத் தப்பிச் செல்வதற்கானவை. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி அவற்றுக்கிடையே அதிகபட்சம் 244 மீற்றர் தூரத்தை அனுமதிக்கிறது. பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. சில மீற்றர் நீளமே உள்ள இக்குறுக்குவழிகளைக் கையாலும் சிறு இயந்திரத்தாலும் வெட்டவேண்டியிருப்பதால், கவசத்தின் பாதுகாப்பு இங்கே இல்லை. கட்டிமுடித்த வளையத்தைத் திறந்து நேராக மண்ணை எதிர்கொள்ளவேண்டும். நீரூறிய மணலில், குழாய்களைப் பதித்து, பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிர்ந்த உப்புநீரை வாரக்கணக்கில் ஓட்டி, மண்ணையே பனிக்கட்டியாக உறையவைத்து வெட்டுவார்கள். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் உறைவு மூடாமல் ஓர் இடைவெளி விட்டுப்போகலாம் என்பதால், வெப்பமானிகளின் எண்கள் எல்லாத் திசையிலும் இறங்கிய பிறகே வளையத்தைத் திறக்கவேண்டும்.

பிற வேலைகள்

காற்றோட்டம், தண்டவாளம், மின்சாரம், சமிக்ஞை ஆகியவை தனித்தனித் துறைகள். காற்றோட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும்: 1995 இல் அசர்பைஜானின் பாக்கு நகர மெட்ரோவில் நேர்ந்த தீவிபத்தில் இறந்தவர்களுள் பெரும்பாலானோரைக் கொன்றது நச்சுப் புகை. எனவே விசிறிகள் புகையை எந்தத் திசையில் தள்ளும், அப்போது பயணிகள் எந்தத் திசையில் நடப்பார்கள் என்பதைச் சுரங்கத்தின் விட்டத்தைத் தீர்மானிக்கும்போதே தீர்மானித்துவிடவேண்டும்.

தோண்டிய மண் எங்கே போகும் என்பதையும் முன்பே முடிவுசெய்யவேண்டும். நுரை கலந்த மண் சில நாட்கள் கூழாகவே இருக்கும். டிப்பரில் ஏற்றினால் வீதியெங்கும் வழியும். அதைக் காயவைக்க இடமும், கலந்த இரசாயனத்தைச் சோதிக்க ஆய்வுகூடமும் வேண்டும். குறொஸ்றெயில் திட்டம் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் மண்ணைக் கப்பலில் வொலசீத் தீவுக்கு அனுப்பிப் பறவைகளுக்கான சதுப்புநிலம் உருவாக்கப் பயன்படுத்தியது. பணம் இருந்தால் இப்படியும் செய்யலாம்.

கையளிப்பு

சுரங்கத்தைக் கையளிக்குமுன் ஒவ்வொரு வளையத்தின் உண்மையான நிலையையும் அளந்து, கட்டியபடியான வரைபடம் தயாரிக்கவேண்டும். கசிவுகளுக்கு எண்ணிட்டு, ஊசித்துளை வழியே பிசின் செலுத்தி மூடி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும். மூடிய நீர் அடுத்த பொருத்தில் வெளிவருவது வழக்கம். குழிக்காகப் பதித்த எஃகு நங்கூரங்கள், விட்டுவந்த உறைகுழாய்கள், செலுத்திய சீமெந்துத் திரள்கள், சிக்கிக் கைவிட்ட துளைகருவிகள் ஆகிய அனைத்தையும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், இடமும் ஆழமும் காட்டி வரைபடத்தில் சேர்க்கவேண்டும். இருபது வருடங்களின் பின் அதே நிலத்தின் வழியே அடுத்த பாதையைத் துளைக்க வருபவரின் வெட்டுச் சக்கரம் அந்த எஃகில்தான் மோதும். அப்போது அவர் கையில் இருக்கப்போவது நாம் விட்டுச்சென்ற அந்தத் தாள் மட்டுமே.